முதுகு விட்டுப்போன இங்கிலீஷ் கைடு

பத்தாம் வகுப்பு இங்கிலீஷ் கைடு ஒண்ணு நவம்பர்ல வாங்குனேன். அரையாண்டு முடிஞ்சு, திருத்துன பேப்பரும் பொங்கல் லீவுக்கு முன்னாடி வீட்டுக்கு வந்துருச்சு. இப்பத்தான் அதப் பத்தி நாலு வார்த்தை எழுதலாம்னு தோணுது. கம்பெனி பேரு வேணாம். கைடுகள்ல அட்டை நிறம்தான் வேற, உள்ள இருக்கறது பெரும்பாலும் ஒரே சரக்குன்னு விக்கிறவரே சொல்லிட்டாரு. அதனால நான் சொல்றது நீங்க வாங்குற கைடுக்கும் முக்காவாசி பொருந்தும்.

மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. பத்தாவதுல என்னைக் கவுத்ததே அதுதான். நான் தையக்காரன். மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிர்ல திருமலை நாயக்கர் கட்டுன புதுமண்டபம் இருக்குல்ல, அங்க கல்தூணுக்கும் கல்தூணுக்கும் நடுவுல மிஷின் போட்டு உக்காந்திருந்த கூட்டத்துல ஒருத்தன். சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் ஆத்துல எறங்குறப்ப தண்ணி பீச்சுறவங்க போடுற கச்சை, சல்லடம், தலைக்கு உருமால் எல்லாம் எங்க கையில தைச்சதுதான். இப்ப கடைகளக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாத்திட்டாங்க. புதுமண்டபத்துல எங்களோடயே புத்தகக் கடைகளும் இருந்துச்சு. ஜூன் மாசம் ஆனா பள்ளிக்கூடத்துப் பிள்ளைக கைடு கேட்டு முண்டியடிக்கிறத எத்தனையோ வருசம் மிஷினை மிதிச்சுக்கிட்டே பாத்திருக்கேன். என் பிள்ளைக்கு வாங்கப் போய் நிக்கிறது இதுதான் மொதத் தடவை.

அட்டையில 340 ரூபாய். கழிவு போக 300-க்குக் குடுத்தாரு. கையில வாங்குன உடனே நான் பாத்தது முதுகத்தான். துணியோ புத்தகமோ, தையல் எங்க இருக்குன்னு பாக்காம எனக்கு எதையும் வாங்க வராது. இதுல தையலே இல்ல. மொத்தத்தையும் பசை போட்டு ஒட்டி வச்சிருக்காங்க. “இது தாங்குமாண்ணே?”ன்னு கேட்டேன். “மார்ச்சு வரைக்கும் தாங்குனாப் போதும்லய்யா?”ன்னாரு. டிசம்பர் வரைக்கும்கூட தாங்கல. அந்தக் கதைக்கு அப்புறம் வாரேன்.

எம்மக காலாண்டுல வாங்குனது நூத்துக்கு 43. பாஸ்தான், 35 எடுத்தாப் போதும். ஆனா கணக்குல 80-க்கு மேல எடுக்குற பிள்ளை இதுல 43-ன்னா எங்கயோ துணி இழுக்குது, பிரிச்சுப் பாக்கணும்னு பட்டுச்சு. அதனால வினாத்தாளக் கையில வச்சுக்கிட்டு அவகிட்டயே கேட்டுக் கேட்டு அளவு எடுத்தேன். ஒரு மார்க் 14. ரெண்டு மார்க் 10 கேள்விக்கு 20. அஞ்சு மார்க் 10 கேள்விக்கு 50. எட்டு மார்க் ரெண்டு, அது 16. ஆகமொத்தம் 100. இதுல அந்த 50-க்குள்ள 20 மார்க், விளம்பரம், கடிதம், அறிவிப்பு, படத்தப் பாத்து எழுதறது இந்த மாதிரிக் கேள்விக. ஆறு குடுத்து நாலு எழுதச் சொல்றான். இதுக்குப் பாடத்துலேர்ந்து ஒரு வரிகூட மனப்பாடம் பண்ண வேண்டியதில்ல. எம்மக அதுல வாங்கியிருந்தது 20-க்கு 6. ராத்திரி பகலா நெட்டுரு போட்டதெல்லாம் பாடத்துக் கேள்விகளத்தான்.

சரி, கைடுக்கு வருவோம். நடுவுல 200 பக்கத்துக்கு மேல பாடமும் செய்யுளும் கேள்வி பதிலும். ஒவ்வொரு பெரிய கேள்விக்கும் ரெண்டு பதில் போட்டிருக்கான். ஒண்ணு நல்லாப் படிக்கிறவங்களுக்கு, ஒரு பக்கம். இன்னொண்ணு ‘மெல்லக் கற்கும் மாணவர்’க்கு, அஞ்சாறு வரி. பாக்க நல்ல ஏற்பாடாத்தான் தெரிஞ்சுச்சு. ஒரு நாள் ரிட்டயர் ஆன இங்கிலீஷ் டீச்சரம்மா ஒருத்தங்க ரவிக்கை தைக்கக் குடுக்க வந்தாங்க. ரெண்டு தலைமுறையா எங்ககிட்டத் தைக்கிறவங்க. டேபிள்ல கிடந்த கைடை எடுத்துப் புரட்டிட்டுச் சிரிச்சாங்க. “தம்பி, இந்தப் பதில நான் ஆயிரம் தடவை திருத்தியிருக்கேன். முதல் வரியப் பாத்தா எந்தக் கம்பெனி கைடுன்னே சொல்லிருவேன்”னாங்க. எனக்குச் சட்டுனு புரிஞ்சுது. ஒரே அளவு ரவிக்கைய வச்சு ஊருக்கே தைச்சுக் குடுத்தா எவளுக்குத் தோள் ஒக்காரும்?

அப்ப என்ன செய்யிறதுன்னு கேட்டேன். சிறுசா எழுதட்டும், தப்பா இருந்தாலும் அவளே எழுதட்டும், பாடப் புத்தகத்துல பாடத்துக்குப் பின்னாடி இருக்குற கேள்விகள மொதல்ல முடிக்கட்டும்னாங்க. பாடப் புத்தகம் பள்ளிக்கூடத்துல சும்மா குடுத்தது. 300 ரூபாய்க்கு வாங்குனதால கைடு மேல இருந்த மரியாதை, சும்மா வந்த புத்தகத்து மேல இல்லாமப் போச்சு. எனக்கும் சேத்துத்தான் சொல்றேன்.

அச்சுப் பிழை ஒண்ணு சொல்றேன். கடற்படையச் சேந்த ஆறு பெண் அதிகாரிக ‘தாரிணி’ங்கிற பாய்மரப் படகுல உலகத்தச் சுத்தி வந்தாங்கல்ல, அதப் பத்தி ஒரு பாடம் இருக்கு. கைடுல ஒரு பக்கத்துல பயணம் 254 நாள்னு இருக்கு. ரெண்டு பக்கம் தள்ளி ஒரு மார்க் கேள்வியில 245 நாள்னு இருக்கு. எம்மக ரெண்டையும் படிச்சிருக்கா, ரெண்டையும் நம்பியிருக்கா. நான் எங்க கடை காலண்டர எடுத்தேன். கோவாவுலேர்ந்து 2017 செப்டம்பர் 10 கிளம்பி, 2018 மே 21 திரும்பி வந்தாங்க. மாசம் மாசமா விரல மடக்கி எண்ணுனோம். கிளம்புன நாளையும் வந்த நாளையும் சேத்தா சரியா 254. எண்ணி முடிச்சதும் அவ, “அப்பா, அந்தக்கா எல்லாம் எட்டு மாசத்துக்கு மேலயா கடல்ல கிடந்தாங்க?”ன்னா. அந்தப் பாடத்த அவ அதுக்கு முன்னாடி மூணு தடவை மனப்பாடம் பண்ணியிருந்தா.

அடுத்து, இந்தக் கைடுல விளம்பரமே பண்ணி வித்த சங்கதி: இங்கிலீஷ் வரிக்குக் கீழ தமிழ் எழுத்துல உச்சரிப்பு. ‘தி பேர்ட் வாஸ் அஃப்ரெய்ட் டு ஃப்ளை’ன்னு பொடி எழுத்துல போட்டிருக்கும். உண்மையச் சொல்றேன், எனக்கு அது ரொம்பப் பிடிச்சுச்சு. கடையடைச்ச பிறகு அந்தப் பக்கத்த ஒக்காந்து நானே சத்தம் போட்டு வாசிச்சேன். 48 வயசுல இங்கிலீஷ் பாராகிராஃப் ஒண்ண முழுசா வாசிச்சுட்டேன். வீட்டுக்காரி அடுப்படியிலேர்ந்து எட்டிப் பாத்தா. எம்மக விழுந்து விழுந்து சிரிச்சா.

ஆனா பிள்ளைகளுக்கு அது வெசம். நம்ம எழுத்துல ‘பேட்’னு போட்டா அது கிரிக்கெட் மட்டையா, கெட்டதுங்கிற வார்த்தையா, பரீட்சை எழுதற அட்டையா? மூணுக்கும் தமிழ்ல ஒரே எழுத்து, இங்கிலீஷ்ல மூணுக்கும் வேற வேற ஸ்பெல்லிங். கண்ணு கீழ் வரிக்குப் பழகிட்டா மேல் வரிய ஏறெடுத்தும் பாக்காது. வாய் சரியாச் சொல்லும், கை தப்பா எழுதும். பள்ளிக்கூடத்து டெஸ்ட் பேப்பர் ஒண்ணுல 11 ஸ்பெல்லிங் பிழை. எல்லாம் அந்தக் கீழ் வரிப் பிழை. நான் ஒரு வெள்ளைத் துணிய நாலு விரக்கடை அகலத்துக்கு வெட்டி ஓரம் அடிச்சுக் குடுத்தேன். படிக்கிறப்ப தமிழ் வரிமேல அதப் போட்டு மறைச்சுக்கணும். கைடு கம்பெனிக்காரங்க யாராவது இதப் படிச்சா, அந்த உச்சரிப்பத் தனியா ஒரு ஓரத்துல போடுங்க சாமி.

இனி ரோடு மேப். ரெண்டே மார்க்குதான். ஆனா கட்டாயக் கேள்வி, விட முடியாது. சின்னப் படம் ஒண்ணு குடுத்து, ஒருத்தர் வழி கேக்குறாரு, சொல்லுன்னு கேப்பான். கைடுல நாலு மேப்பு, நாலு பதில். எம்மக அந்தப் பதில அப்படியே உருப்போட்டிருக்கா. நேராப் போ, ரெண்டாவது ரைட்டுல திரும்பு, லெஃப்ட் பக்கம் இருக்கும். டெஸ்ட்ல வேற மேப்பு வந்திருக்கு, இவ அதே பதிலத்தான் எழுதியிருக்கா. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவர போலீஸ் ஸ்டேஷனுக்கு அனுப்பிட்டா. ரெண்டுக்கு முட்டை.

எனக்குக் கோவம் வரல, சிரிப்புதான் வந்துச்சு. மதுரையில பொறந்த பிள்ளைக்கு வழி சொல்லத் தெரியலையா? டைலர் சாக்க எடுத்தேன். துணி வெட்டுற டேபிள்ல நடுவுல ஒரு கட்டம் போட்டேன், அது கோயில். அதச் சுத்தி ஒரு சதுரம், சித்திரை வீதி. அதுக்கு வெளிய ஒண்ணு, ஆவணிமூல வீதி. அடுத்தது மாசி வீதி. கடைசிச் சதுரம் வெளி வீதி. விளக்குத்தூணுக்கு ஒரு நூல்கண்டு, கீழமாசியும் தெற்குமாசியும் சேர்ற முக்குல வச்சேன்.

“தாயி, அம்மன் சன்னதியில நிக்குற. கோயிலுக்கு முதுகக் காட்டி நிக்குற. விளக்குத்தூணுக்கு எப்படிப் போவ?”

“ஆட்டோவுலப்பா.”

“நடந்து போத்தா.”

யோசிச்சா. நேராப் போயி, ஆவணிமூலத்தத் தாண்டி, கீழமாசியில ரைட்டு, அப்படியே கடைசி வரைக்கும்னா. சரியாத்தான் சொன்னா. இத இங்கிலீஷ்ல சொல்லுன்னேன், சொன்னா. கைடு வரி எதுவும் அதுல இல்ல. இப்ப விளக்குத்தூண்லேர்ந்து திரும்பி வான்னேன். வடக்க நடந்து வந்து, ரைட்டுன்னா. ரைட்டுல திரும்பினா கோயிலு வருமா? வராது, லெஃப்ட்டுல திரும்பணும். டேபிளச் சுத்திப் போயி நூல்கண்டுகிட்ட நிக்கச் சொன்னேன். அங்கேர்ந்து பாத்ததும் கைய இடப் பக்கம் தூக்குனா. அவ்வளவுதான் விசயம். கைடுல போட்ட மேப்பு எல்லாத்துலயும் ஆளு கீழேர்ந்து மேலதான் போறான். பக்கத்துக்கு மேலேர்ந்து கீழ வர்றவனுக்கு ரைட்டு லெஃப்ட் மாறும்னு ஒரு இடத்துலயும் எழுதல. அதுக்கப்புறம் ஒரு வாரம், வர்ற கஸ்டமர் எல்லாருக்கும் சிம்மக்கல்லுக்கு வழி, நேதாஜி ரோட்டுக்கு வழின்னு இங்கிலீஷ்ல சொல்லித் தொலைச்சா. ஒரு பாட்டியம்மா பயந்து போயி எங்கிட்ட, “பிள்ளைக்கு என்னப்பா ஆச்சு?”ன்னு கேட்டுச்சு.

முதுகு கதைக்கு வாரேன். டிசம்பர் மொத வாரம், பரீட்சைக்கு ஒன்பது நாள் இருக்குறப்ப கைடு ரெண்டாப் பிளந்துச்சு. மனப்பாடச் செய்யுள் இருந்த பக்கம்தான் மொதல்ல கழண்டுச்சு. அதிகமாத் திறந்தது அதுதானே. அப்புறம் ஒண்ணு ஒண்ணா, வேப்பமரத்து எலை மாதிரி. பசைய உரிச்சுப் பாத்தேன். தாளோட ஓரத்த நல்லா உரசிவிட்டுட்டு ஒட்டியிருந்தாலாவது பிடிச்சிருக்கும். வழவழன்னு வெட்டுன தாளு மேல மெல்லிசா ஒரு பூச்சு, அவ்வளவுதான். இந்த லட்சணத்துல ஒரு ரவிக்கை தைச்சுக் குடுத்தா எங்க கடை வாசல்ல செருப்பு வந்து விழும்.

மொத்தப் பக்கத்தையும் அடுக்கித் தட்டி, ரெண்டு பக்கமும் அட்டைக் கட்டை வச்சு இறுக்கிக் கட்டுனேன். குத்தூசியால ஓரத்துலேர்ந்து முக்கால் இஞ்சு உள்ள தள்ளி ஏழு துளை. ஒரே குத்துல எறங்காது, நூறு நூறு பக்கமாத்தான் குத்தணும். கச்சைக்குப் போடுற முறுக்கு நூலுக்கு மெழுகு தடவி, கோணி ஊசியில கோத்து, போயிட்டு வந்து போயிட்டு வந்துன்னு ரெண்டு சுத்து தைச்சேன். முதுகுக்குப் போன வருசத் திருவிழாவுல மிஞ்சுன சிவப்புத் துணி. ஒண்ணரை மணி நேரம் ஆச்சு. இப்ப அது ஆனை மிதிச்சாலும் பிரியாது. ஒரே ஒரு குறை, விரிச்சு வச்சாத் தட்டையா நிக்காது, உள்பக்கத்து எழுத்து ரெண்டு மூணு தையலுக்குள்ள போயிருச்சு. மனப்பாடச் செய்யுள் வரிகளோட மொத எழுத்தும் அதுல மாட்டிக்கிச்சு. அது என் தப்பு, கம்பெனி மேல போட மாட்டேன்.

இந்தக் கைடுல உண்மையிலயே காசு பெறுமானம் எதுன்னா, கடைசி நூறு பக்கம். பழைய பப்ளிக் வினாத்தாள், மாதிரி வினாத்தாள் எல்லாம் வரிசையா இருக்கு. பதில் கிடையாது, வெறும் கேள்விதான். அதனாலயே நல்லது. ஞாயித்துக்கிழமை ஒண்ணு, மொத்தம் மூணு எழுத வச்சேன். பப்ளிக் மாதிரியே காலைல பத்து மணிக்கு ஒக்காரணும். மொதப் பத்து நிமிசம் வினாத்தாள் வாசிக்க, அடுத்த அஞ்சு நிமிசம் பேரு நம்பர் எழுத, பத்தேகாலுக்கு ஆரம்பிச்சு ஒண்ணேகாலுக்கு முடிக்கணும். கார்த்திகையில எங்க தெருவுல அஞ்சு மணிக்கே மைக்குல ஐயப்பன் பாட்டு ஆரம்பிச்சுரும். அதுக்கு எந்திரிச்சவ பத்து மணிக்கெல்லாம் தெளிவா இருந்தா, அந்த வகையில ஐயப்பனுக்கு நன்றி. மொத ஞாயிறு 22 மார்க்குக்கு எழுதவே நேரமில்ல. மூணாவது ஞாயிறு எல்லாத்தையும் எழுதி முடிச்சு, கோடு போடக்கூட நேரமிருந்துச்சு. திருத்துனது அந்த டீச்சரம்மா. கூலி வேணாம்னுட்டாங்க. ரெண்டு ரவிக்கைக்கு நானும் வாங்கல.

பதில் இல்லாத வினாத்தாள் மட்டும் வேணும்னா அரசுத் தேர்வுத் துறை இணையத்துலயே பழசு கிடைக்குது, பாடப் புத்தகமும் பி.டி.எஃப்.பா சும்மா கிடைக்குது. பிரிண்ட் எடுக்குற காசு மட்டும்தான். இத எனக்கு யாரும் மொதல்லயே சொல்லல. ஆனா அச்சடிச்சு, அடுக்கி, கையில குடுத்தா பிள்ளை எடுத்து எழுதுது. போன்ல இறக்கிக் குடுத்தா அது எங்கெங்கயோ போயிருது. அதுக்கும் சேத்துத்தான் 300 ரூபாய்னு நெனச்சுக்கிட்டேன்.

விளம்பரம் எழுதற கேள்விக்குக் கைடுல வீடு வாடகைக்கு, பழைய கார் விற்பனைக்குன்னு மாதிரி இருக்கு. பெட்டி போட்டு, தலைப்புப் பெருசா எழுதி, கீழ தொடர்புக்குன்னு எழுதற வடிவம் நல்லாத்தான் இருக்கு, அத அப்படியே எடுத்துக்கலாம். கடித மாதிரியும் தேவலை. பேரு ஊரு தெரியக்கூடாதுன்னு அனுப்புநர் எக்ஸ், பெறுநர் ஒய்னு போடணும்னு தெளிவாச் சொல்லியிருக்கான். எம்மக பயிற்சிக்கு எங்க கடைக்கே ஒரு விளம்பரம் எழுதுனா. ‘சொன்ன தேதியில் கிடைக்கும்’னு ஒரு வரி இருந்துச்சாம். டீச்சரம்மா சிவப்பு மையில அடிக்கோடு போட்டு, உண்மையத்தான் எழுதணும்னு பக்கத்துல எழுதியிருந்தாங்க.

அரையாண்டுல வாங்குனது 68. அந்த நாலு கேள்வியில 20-க்கு 17. ரோடு மேப் ரெண்டுக்கு ரெண்டு. பேப்பரச் சுத்திச் சுத்திப் பாத்தான்னு மேற்பார்வைக்கு வந்தவங்க அதட்டுனாங்களாம், “வழி பாக்குறேன் மிஸ்”னு சொல்லியிருக்கா. மனப்பாடச் செய்யுள்ல அஞ்சுக்கு 3, என் தையல்ல மாட்டுன மொத எழுத்துகள நாலு வரியில சின்ன எழுத்தாப் போட்டுட்டா. பெரிய பாராகிராஃப் கேள்விகள்ல மார்க் பெருசா ஏறல. சொந்தமா எழுதுறா, பிழையும் சொந்தப் பிழையா வருது.

அஞ்சு ஸ்டாருக்கு எத்தனைன்னு கேட்டா, பின் பக்கத்துக்கு நாலு, நடுப் பக்கத்துக்கு ஒண்ணரை, முதுகுக்கு முட்டை. ஒங்க வீட்டுல யாராவது பக்கத்துல ஒக்காந்து மணி பாத்து எழுத வைக்க முடியும்னா வாங்குங்க. வாங்குன அன்னைக்கே பைண்டிங் கடையில குடுத்துத் தைச்சு வாங்கிருங்க, என்ன மாதிரி முக்கால் இஞ்சு உள்ள தள்ளிக் குத்த வேணாம்னு சொல்லுங்க, அரை இஞ்சு போதும்.

எங்க தெருவுல ஒன்பதாவது படிக்கிற பையனோட அப்பா இப்பவே கேட்டு வச்சிருக்காரு, மார்ச்சு முடிஞ்சதும் பாதி விலைக்குக் குடுப்பீங்களாண்ணு. 150-ன்னு சொல்லியிருக்கேன். தையக்கூலி தனி.